680 ஓட்டும் 597 பெரும்பான்மையும்: மூன்றாம் வேட்பாளர் யாருடைய வெற்றியைக் கெடுக்கிறார்?

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 2013-ல் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் வாங்கிய ஓட்டு 21,593. ஐந்தாண்டு கழித்து அதே ஊரில் அதே மனிதர் வாங்கியது 1,505. இடைப்பட்ட காலத்தில் அவர் ஊரை மறந்துவிடவில்லை. மாறியது ஓட்டுச்சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னம்தான். 2008-ல் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) சாமிவேலுவை 1,821 ஓட்டிலும், 2013-ல் தேவமணியை 2,793 ஓட்டிலும் அவர் தோற்கடித்தது அப்போது எதிர்க்கட்சியாக இருந்த மக்கள் நீதிக் கட்சியின் (பி.கே.ஆர்.) சின்னத்தில். 2018-ல் மலேசிய சோசலிசக் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றார். எட்டில் ஒரு பங்கு ஓட்டு கிடைக்காததால் பத்தாயிரம் ரிங்கிட் வைப்புத்தொகையும் போனது.

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இந்த ஊரில் தேர்தல் என்றாலே தேத்தண்ணிக் கடையில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: 'இவன் எதுக்கு நிக்கிறான்? ஓட்டைப் பிரிக்கத்தான்.' தோற்றவர் தரப்பு சொன்னால் அது ஆற்றாமை. ஜெயித்தவர் தரப்பு சிரித்துக்கொண்டே சொன்னால் அது நன்றி. இரண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வதில்லை.

சுங்கை சிப்புட்டில் 2018-ல் அந்தப் பழி எடுபடவில்லை. பி.கே.ஆர். வேட்பாளர் கேசவன் 5,607 ஓட்டுப் பெரும்பான்மையில் ஜெயித்தார்; ஜெயகுமாரின் 1,505 ஓட்டு அவரை எந்த வகையிலும் தொடவில்லை. பழி எடுபட்ட இடம் சிம்பாங் பூலாய் வழியாக மலையேறினால் வருகிற கேமரன் மலை.

தேயிலைத் தோட்டத்து எண்கள்

கேமரன் மலை சிறிய தொகுதி. 2018-ல் ஏறத்தாழ 32,000 வாக்காளர். இந்தியர்கள் ஏழில் ஒரு பங்கு, ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்கள் ஐந்தில் ஒரு பங்கு, மீதி மலாய்க்காரரும் சீனரும். 2013-ல் இங்கே ம.இ.கா.வின் பழனிவேல் தப்பித்தது வெறும் 462 ஓட்டில். 2018 மே 9 அன்று ஐந்து பேர் நின்றார்கள். அப்போதைய ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணி சார்பில் ம.இ.கா.வின் சிவராஜ் 10,307, எதிர்க்கட்சியான ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) மனோகரன் 9,710, இஸ்லாமியக் கட்சியான பாஸின் வேட்பாளர் 3,587, சோசலிசக் கட்சியின் சுரேஷ் குமார் 680, பெர்ஜாசா என்ற சிறிய கட்சி 81.

பெரும்பான்மை 597. சோசலிசக் கட்சிக்கு 680. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் தீர்ப்பை அப்போதே எழுதிவிட்டார்கள்: தோட்டத் தொழிலாளருக்காகப் பேசுகிற கட்சியே எதிர்க்கட்சியைத் தோற்கடித்துவிட்டது என்று.

அந்தத் தீர்ப்பு நிற்குமா என்று பார்ப்போம். சுரேஷ் குமார் நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டால், அவருக்குப் போட்ட 680 பேருக்கும் மூன்று வழி உண்டு. மனோகரனுக்குப் போடலாம், சிவராஜுக்குப் போடலாம், வீட்டிலேயே இருந்துவிடலாம். (பாஸுக்குப் போவதை விட்டுவிடுவோம், அதுவும் கணக்கில் வீட்டில் இருப்பதற்குச் சமம்.) மனோகரன் ஒரே ஒரு ஓட்டில் ஜெயிக்க வேண்டுமானாலும், அவருக்குப் போவது சிவராஜுக்குப் போவதைவிட 598 கூடுதலாக இருக்க வேண்டும். ஒருவர்கூட வீட்டில் தங்காமல் 680 பேரும் வந்திருந்தால், 639 பேர் மனோகரனுக்கும் அதிகபட்சம் 41 பேர் சிவராஜுக்கும் போட்டிருக்க வேண்டும். நூற்றுக்கு 94 பேர். வீட்டில் தங்குபவர்கள் 82 பேரைத் தாண்டிவிட்டால், மீதி அத்தனை பேரும் ஒரே பக்கம் விழுந்தாலும் எண் எட்டாது. அதாவது எட்டில் ஒருவர் ஓட்டுப் போட வராமல் இருந்தாலே போதும், அந்தக் குற்றச்சாட்டு கணக்களவில் செத்துப்போகிறது.

எட்டில் ஒருவர் வராமல் இருப்பது அதிசயமா? அந்தத் தேர்தல் நடந்தது புதன்கிழமை. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறவர்கள். பெட்ரோல், டோல், ஒரு நாள் லீவு எல்லாம் போட்டு மலையேறி வருகிறவர் தனக்குப் பிடித்த வேட்பாளர் இல்லாவிட்டாலும் அதே உற்சாகத்தோடு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே 'மூன்றாமவர் வாங்கிய ஓட்டு பெரும்பான்மையைவிட அதிகம்' என்பது விசாரணை தொடங்குகிற இடம். பலர் அதையே முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய எண் வேறு: பெரும்பான்மையோடு ஒன்றைக் கூட்டி, மூன்றாமவரின் ஓட்டால் வகுக்க வேண்டும். கிடைப்பது, மூன்றாமவரின் ஆதரவாளர்கள் தோற்றவர் பக்கம் நிகரமாக எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்கிற விகிதம். கேமரன் மலையில் அது 598 வகுத்தல் 680, அதாவது 88 விழுக்காடு. கட்சி மேலிடமே கைகாட்டிவிட்டாலும் அந்த அளவுக்கு ஓட்டு மொத்தமாக மாறிப் போவது மிக அரிது.

இதே அளவுகோலை அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்கு வைத்தால் வேறு படம் தெரியும். புளோரிடா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோரைவிட 537 ஓட்டு முன்னால். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே வாங்கியது 97,488. 538 வகுத்தல் 97,488 என்பது ஒரு விழுக்காட்டில் ஏறத்தாழ பாதி. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் நாடு தழுவி எடுத்த கருத்துக்கணிப்பில், நேடர் இல்லாவிட்டால் கோருக்கு என்றவர்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, புஷ்ஷுக்கு என்றவர்கள் ஐந்தில் ஒருவர், மற்றவர்களில் பெரும்பாலோர் ஓட்டே போட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சாய்வில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தாலும் கோருக்குப் போதும். எனவே நேடர் முடிவை மாற்றினார் என்பதை மறுப்பது கடினம். ஆனால் ஒரு குறிப்பு: அதே மாநிலத்தில் சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சி என்கிற துக்கடாக் கட்சி வாங்கியது 562. அதுவும் 537-ஐவிட அதிகம்தான். அந்த 562 பேரை யாரும் வரலாற்றில் திட்டுவதில்லை.

மிச்சம் இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள்

21,593 எப்படி 1,505 ஆனது என்பதில்தான் இந்த விஷயத்தின் சாரம் இருக்கிறது. நமது தேர்தலில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. இப்படிப்பட்ட முறையில் வாக்காளர் தனக்குப் பிடித்தவர் யார் என்று மட்டும் பார்ப்பதில்லை, ஜெயிக்கக்கூடிய இருவர் யார் என்றும் பார்க்கிறார். மூன்றாவது ஆளுக்குப் போடுவது வீண் என்று தோன்றினால், பிடித்தவரை விட்டுவிட்டுப் பிடிக்காதவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்குப் போடுகிறார். பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே 1950-களிலேயே இதை எழுதினார்: இந்த முறை இருக்கிற இடங்களில் மூன்றாவது கட்சியின் ஆதரவு கரைந்துகொண்டே போய்ப் போட்டி இருவருக்கிடையில் வந்து நிற்கும் என்று. சுங்கை சிப்புட்டில் ஜெயகுமாரை மதிக்கிறவர்கள் 1,505 பேர்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மதித்தவர்கள் பலர் அன்று வேறு சின்னத்தில் கோடு போட்டார்கள்.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. 'ஓட்டுப் பிரியும்' என்று பயந்தவர்கள் வாக்களிப்புக்கு முன்பே போய்விட்டார்கள். கடைசியில் பெட்டியில் இருக்கிற 680-ம் 1,505-ம் அந்தப் பயத்தைக் கேட்டுவிட்டும் போட்டவர்களுடையவை. இரண்டு பெரிய கூட்டணியையும் வெறுத்தவர், வேட்பாளரோடு நேரடிப் பழக்கம் உள்ளவர், தோட்ட வீட்டுப் பிரச்சினையிலோ வேலையிழப்பிலோ அந்தக் கட்சி வந்து நின்றதை மறக்காதவர். வடிகட்டிய பிறகு தங்கிய கெட்டி ஓட்டு அது. மூன்றாமவர் இல்லாவிட்டால் அது அப்படியே இரண்டாமவருக்குப் போகும் என்று எடுத்துக்கொள்வது, வாக்காளரிலேயே இடம் மாற மனமில்லாதவர்களைப் பார்த்து இவர்கள்தான் முதலில் மாறுவார்கள் என்று சொல்வது போன்றது. மூன்றாமவரின் ஓட்டு சுருங்கச் சுருங்க அது பிடிவாதமாகிறது. கெடுத்தவர் என்கிற பட்டமும் பொருத்தமற்றதாகிறது.

இன்னொரு தவறும் வழக்கமாக நடக்கிறது. மனக்கணக்கில் ஒரு மூன்றாமவரை மட்டும் நீக்குவது. கேமரன் மலையில் சோசலிசக் கட்சியின் 680-ஐ நீக்கிப் பார்த்தவர்கள் பாஸின் 3,587-ஐ அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த 3,587 அங்கே இருந்ததால்கூட ஜ.செ.க. 597 வரை நெருங்க முடிந்திருக்கலாம். பாஸ் நின்றது எதிர்க்கட்சி ஓட்டைப் பிரிக்கும் என்றுதான் 2018-ல் ஆளுங்கட்சி வட்டாரத்தில் பலர் நம்பினார்கள். பல தொகுதிகளில் அது தேசிய முன்னணியின் மலாய் ஓட்டையே அரித்துக்கொண்டு போனது.

கற்பனை செய்யத் தேவையில்லாதபடி இதற்கு ஒரு மறுதேர்வும் நடந்தது. ஊழல் நடவடிக்கையைக் காரணம் காட்டி 2018 நவம்பர் 30 அன்று தேர்தல் நீதிமன்றம் கேமரன் மலையில் சிவராஜின் வெற்றியை ரத்து செய்ய, 2019 ஜனவரி 26-ல் இடைத்தேர்தல் வந்தது. பாஸ் நிற்கவில்லை. சோசலிசக் கட்சியும் நிற்கவில்லை. மனோகரன் மீண்டும் நின்றார். தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 12,038, மனோகரன் 8,800. இரண்டு சுயேச்சைகளுக்கு 314, 276. பெரும்பான்மை 3,238. ஓட்டைப் 'பிரித்தவர்' விலகியபின் ஜ.செ.க.வின் எண் 910 குறைந்தது. தேசிய முன்னணியின் எண் 1,731 கூடியது. செல்லுபடியான மொத்த ஓட்டு 24,365-லிருந்து 21,428-ஆக இறங்கியது; ஏறத்தாழ மூவாயிரம் பேர் வரவே இல்லை.

இது சுத்தமான சோதனை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்தியில் ஆட்சி மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது. ரம்லி ஓராங் அஸ்லி சமூகத்தவர். ஜெயித்தபின் நாடாளுமன்ற மக்களவையில் அச்சமூகத்தின் முதல் உறுப்பினரானார். அந்த ஈர்ப்பு பெரியது. அப்படியிருந்தும், 'மூன்றாமவர் போனால் அவர் ஓட்டு நமக்கு' என்கிற நம்பிக்கைக்கு அன்று கிடைத்த விடை தெளிவு.

இலேசான சாய்வு, தெரியாத திசை

கேமரன் மலைக்கு நேரெதிர் பாகான் டத்தோ. செம்பனைத் தோட்டங்களும் ஊத்தான் மெலிந்தாங் போன்ற தமிழர் நிறைந்த ஊர்களும் கொண்ட தொகுதி. 2022-ல் தேசிய முன்னணியின் முதன்மைக் கட்சியான அம்னோவின் தலைவர் சாஹிட் ஹமிடி 16,578, பி.கே.ஆரும் ஜ.செ.க.வும் இருக்கிற நம்பிக்கைக் கூட்டணியின் ஷம்சுல் இஸ்கண்டார் 16,230. வித்தியாசம் 348. மூன்றாவதாக வந்த, பாஸ் இருக்கிற பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணியின் வேட்பாளர் பத்தாயிரத்துக்கும் மேல் வாங்கினார். நம் கணக்குப்படி தேவையான சாய்வு மூன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. புளோரிடா மாதிரி எளிதில் எட்டக்கூடிய எண்.

ஆனால் எந்தப் பக்கம் சாய்வது? பெரிக்காத்தானுக்குப் போட்டவர்களில் சாஹிட் மீதான கோபத்தில் அம்னோவை விட்டுப் போனவர்கள் இருப்பார்கள், ஜ.செ.க. இருக்கிற கூட்டணிக்கு எந்நாளும் போடாதவர்களும் இருப்பார்கள். முதல் வகையினர் அதிகமென்றால் பெரிக்காத்தான் சாஹிட்டைக் காப்பாற்றியது. இரண்டாம் வகையினர் அதிகமென்றால் அவர் பெரும்பான்மையைத்தான் குறைத்தது. எண் எளிதாக இருக்கிறது, திசை இருட்டில் இருக்கிறது. நேடர் விஷயத்தில் கருத்துக்கணிப்பு அந்த இருட்டைப் போக்கியது. நம் ஊர்த் தொகுதி ஒவ்வொன்றிலும் அப்படிக் கேட்டுவைக்க யாரும் இல்லை.

இருக்கிறது ஒன்று: போராங் 14, அதாவது ஓட்டு எண்ணிக்கைப் படிவம். ஒவ்வொரு வாக்களிப்பு மையமும், தோட்டத் தமிழ்ப்பள்ளியாகவே இருந்தாலும், சாலுரான் எனப்படும் வரிசைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சாலுரானின் ஓட்டும் அந்த அறையிலேயே எண்ணப்படுகிறது. முடிவை எழுதி வேட்பாளர்களின் எண்ணும் முகவர்களிடம் கொடுக்கிற தாள்தான் போராங் 14. வாக்காளர் வயதுவாரியாகப் பிரிக்கப்படுவதால் முதல் சாலுரானில் முதியவர்கள், கடைசிச் சாலுரானில் இளையவர்கள். மூன்றாமவரின் ஓட்டு எந்த வயதில், எந்தத் தோட்டத்தில் குவிந்தது என்பது இதில் தெரியும். இரண்டு தேர்தல்களின் தாளைப் பக்கத்தில் வைத்து, அவர் எண் ஏறிய சாலுரானில் யாருடைய எண் இறங்கியது என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு மையத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது.

இதிலும் மூன்று பொறிகள் உண்டு. 2018 தேர்தலுக்குச் சற்று முன் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. 2013-ஓடு ஒப்பிடும்போது பெயர் ஒன்றாக இருந்தாலும் வாக்காளர் வேறாக இருக்கலாம். 18 வயதினருக்கு ஓட்டுரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்ததில் நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை 1.49 கோடியிலிருந்து 2.11 கோடிக்கு மேல் தாவியது. 2018-ஐயும் 2022-ஐயும் நேரடியாகக் கழித்துப் பார்த்தால் புதிதாக வந்த பிள்ளைகளின் ஓட்டைக் 'கட்சி மாறியவர்கள்' என்று எண்ணிவிடுவோம். மூன்றாவது, பழுதான ஓட்டு. போட்டி நெருக்கமான இடத்தில் செல்லாத ஓட்டே பெரும்பான்மையைத் தாண்டிவிடுவது உண்டு. மூன்றாமவரைத் திட்டுகிற கட்சி, தன் ஆதரவாளருக்குச் சீட்டில் எப்படிக் கோடு போடுவது என்று சொல்லிக்கொடுத்ததா என்பதையும் அந்தத் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வேண்டுமென்றே நிறுத்தப்படுபவர்கள் தனிக் கதை. தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோவிலில் 2016-ல் தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். திருமாவளவன் என்ற பெயரிலேயே நின்ற ஒரு சுயேச்சைக்கு 289. இங்கே ஓட்டுப் பிரிவதற்குக் கொள்கை காரணமில்லை, கண் தடுமாற்றம்தான் காரணம். அதனால் அந்த ஓட்டில் கணிசமான பங்கு ஒரே ஆளுக்கு உரியதென்று கருத இடமுண்டு. நம் சீட்டில் கட்சிச் சின்னம் மனத்தில் பதிந்துவிட்டதால் பெயர்க் குழப்பம் அவ்வளவு எடுபடுவதில்லை. இங்கே நடப்பது வேறு: கட்சியில் இடம் கிடைக்காத உள்ளூர்க்காரர் சுயேச்சையாக நிற்பது. அவர் எடுப்பது பெரும்பாலும் தன் பழைய கட்சியின் ஓட்டு. திசை தெரிந்த ஓட்டு என்பதால், ஐந்நூறு வாங்கினாலும் கொள்கைக் கட்சி வாங்குகிற ஆயிரத்தைவிட அது அதிகம் வலிக்கும்.

முறையை மாற்றினால் தீருமா

1918-ல் ஆஸ்திரேலியாவின் ஸ்வான் இடைத்தேர்தலில் பழமைவாத ஓட்டு இரண்டாகப் பிரிந்து, தொழிற்கட்சி 34 விழுக்காட்டோடு ஜெயித்தது. அதே ஆண்டு அந்த நாடு விருப்ப வரிசை முறைக்கு மாறிவிட்டது. வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவார். கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு அவர் ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். கேமரன் மலை 2018-ஐ அந்த முறையில் எண்ணியிருந்தால் முதலில் 81 பிரியும், பிறகு 680 பிரியும், பிறகு பாஸின் 3,587 பிரியும். கடைசிப் படியில்தான் வெற்றி முடிவாகியிருக்கும். அந்த 680 பேசப்படவே மாட்டாது. அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை, ஆனால் நிற்பவரைத் திட்டுகிற வேலை மிச்சம். மலேசியாவில் இப்படி ஒரு மாற்றம் வரும் அறிகுறி எதுவும் இல்லை.

அதற்குப் பதில் கட்சிகள் நம்புவது தொகுதிப் பங்கீட்டை: மூன்றாமவரே இல்லாதபடி முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது. 2022-க்குப் பின் நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்தன. 2023 ஆகஸ்டில் ஆறு மாநிலத் தேர்தலில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நின்றார்கள். ஜ.செ.க. 47-ல் 46 தொகுதி வென்றது. அம்னோ 108-ல் 19. தலைவர்கள் கைகுலுக்கினார்கள், அம்னோவுக்குப் போட்டுப் பழகிய கைகளில் கணிசமானவை பெரிக்காத்தான் பக்கம் போய்விட்டன. மூன்றாமவரை நீக்கியதும் அவர் ஓட்டு இரண்டாமவருக்கு வந்து சேரும் என்ற அதே கணக்கு, ஆறு மாநில அளவில் தவறியது.

இது மீண்டும் சுங்கை சிப்புட்டில்தான் வந்து நிற்கிறது. 2022-ல் அங்கே ஏழுமுனைப் போட்டி. கேசவன் 21,637, ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரன் 19,791. வித்தியாசம் 1,846. எதிரெதிரே நின்ற அந்த இரண்டு கூட்டணிகளும் மத்தியில் சேர்ந்து அரசாங்கம் அமைத்தன. பங்கீடு என்று வந்தால் ஒருவர் வழிவிட வேண்டும். 21,637-ஐயும் 19,791-ஐயும் கூட்டினால் நாற்பத்தோராயிரம் என்று பிரச்சார அறையில் யாராவது எழுதி வைப்பார்கள். வழிவிட்டவரின் ஓட்டில் எத்தனை வீட்டில் தங்கும், எத்தனை மூன்றாவது சின்னத்துக்குப் போகும் என்பதைச் சாலுரான் வாரியாக எழுதிப் பார்க்காமல் அந்தக் கூட்டல் பலகையிலேயே இருந்துவிடும்.